கேட்பவரின் நெஞ்சம்

நாடி பார்க்கும் வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைக்கும்போது கட்டைவிரலை ஒதுக்கிவிடுவார். ஆங்கில மருத்துவமனையில் பயிலும் தாதியர்க்கும் தொடக்கத்திலேயே இப்பாடம் சொல்லப்படுகிறது. காரணம் எளிது. கட்டைவிரலின் நாடி சற்று வலிவாகத் துடிப்பது. அவ்விரலால் பார்ப்பவர் தம் துடிப்பையே நோயாளியின் துடிப்பாக எண்ணி மயங்கக்கூடும்.

உடலைச் சோதிக்கும் மருத்துவர் ஒரு விரலை விலக்கி இம்மயக்கத்திலிருந்து தப்பிவிடுகிறார். மனத்தைச் சோதிப்பவர் எதனை விலக்குவார்? நோயாளி பேசுகிறார், அவர் கேட்கிறார். கேட்பதற்கு அவரிடம் உள்ள தலையாய கருவி அவருடைய மனமே. அம்மனமோ கல் அன்று. அதுவும் இரங்குகிறது, சலிக்கிறது, சினக்கிறது, அஞ்சுகிறது.

டில்லிக்குக் குடிவந்த நம் குடும்பங்களில் உறக்கமின்மையும் காரணமற்ற அழுகையும் ஓயாத சினமும் இல்லாமல் இல்லை. ‘ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தால் என்ன?’ என்று யாரேனும் சொன்னால், உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘முன்பின் அறியாதவரிடம் வீட்டுக் கதையைச் சொன்னால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?’ என்பதே அது. பலர் படியேறாமல் திரும்பிவிடுவதற்கு இவ்வொரு கேள்வியே போதுமானதாக இருக்கிறது.

‘அவர் ஒன்றும் நினைக்கமாட்டார்’ என்று சமாதானம் கூறுவது உண்மையாகாது. அவரும் மனிதரே, நினைக்கத்தான் செய்வார். ஆனால், தம் உள்ளத்தில் எழுவதைக் கண்டுகொள்வதும், அதற்கு ஆட்படாமல் இருப்பதும், அதனையே நோயாளியின் நன்மைக்குப் பயன்படுத்துவதும் அவர் தொழிலின் ஒரு பெரும் பகுதி. இந்தக் கலை உருவான வரலாற்றை அறிந்தால் நம் தயக்கம் ஓரளவேனும் குறையும்.

‘டிரான்ஸ்பர்’ என்னும் சொல்

இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன். ரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தா. எனவே இத்துறையில் வழங்கும் ஒரு பெரிய சொல்லை என் அலுவலக மொழியிலேயே விளக்க முயல்கிறேன்.

நம்மவருள் பலரை இந்நகருக்குக் கொண்டுவந்தது டிரான்ஸ்பர் உத்தரவுதான். உத்தரவு வந்ததும் பெட்டி படுக்கைகளைக் கட்டுகிறோம். அவற்றோடு, டிக்கட் இல்லாமலே, நம் பழைய உணர்ச்சிகளும் வண்டியேறிவிடுகின்றன. முன்னிருந்த ஊரில் கடுமையான அதிகாரியிடம் நடுங்கியவர், இங்குள்ள அதிகாரி வாய் திறப்பதற்கு முன்பே நடுங்குகிறார். புதியவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. பழையவருக்குரிய அச்சம் இவர் மேசைக்கு மாற்றப்பட்டுவிட்டது.

வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு இதனை ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்றார். உணர்ச்சி இடமாற்றம் என்று நாம் சொல்லலாம். இளமையில் தந்தையிடமும் தாயிடமும் கொண்ட அன்பையும் அச்சத்தையும் பகையையும் நோயாளி தம்மை அறியாமலே மருத்துவர்மேல் ஏற்றுகிறார் என்பது அவர் கண்டது. அதற்கு எதிரொலியாக மருத்துவர் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுக்கு ‘கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்று பெயர். இக்கட்டுரையில் அதனை எதிருணர்ச்சி என்று வழங்குவோம்.

தீங்கிலிருந்து பிறந்த எச்சரிக்கை

இச்சொல் பிறந்த சூழ்நிலை இனியது அன்று. சபீனா ஸ்பீல்ரைன் என்னும் ருஷிய நாட்டு இளம்பெண் 1904ஆம் ஆண்டு சூரிச் நகரத்துப் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்கு நோயாளியாக வந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவர் கார்ல் யுங். நாளடைவில் அவர்களிடையே மருத்துவருக்குரிய எல்லையைக் கடந்த நெருக்கம் ஏற்பட்டது. செய்தி கசிந்தது, கடிதங்கள் பறந்தன. 1909 ஜூன் மாதம் யுங்குக்கு எழுதிய கடிதத்தில்தான் பிராய்டு எதிருணர்ச்சியைக் குறிக்கும் அச்சொல்லை முதலில் எழுதினார். மருத்துவர் அதனை அடக்கி ஆளக் கற்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஸ்பீல்ரைன் பின்னர்த் தாமே மருத்துவராகி உளப்பகுப்புத் துறையில் சிறந்த கட்டுரைகளை எழுதினார்; 1942இல் ரோஸ்டோவ் நகரில் நாஜிகளால் கொல்லப்பட்டார்.

1910இல் நியூரம்பர்க் மாநாட்டில் பிராய்டு இக்கருத்தை வெளிப்படையாகப் பேசினார். மருத்துவர் ஒருவர் தம் உள்ளச் சிக்கல்கள் எந்த எல்லைவரை இடம்கொடுக்கின்றனவோ அந்த எல்லைவரையே நோயாளியை அழைத்துச் செல்ல முடியும் என்றார். தன் வீட்டு நிலவறையைத் திறந்து பார்க்க அஞ்சுபவர் பிறர் வீட்டு நிலவறைக்கு எப்படி விளக்குப் பிடிப்பார்?

1912ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரையில் இரண்டு உவமைகள் அருகருகே நிற்கின்றன. மருத்துவர், கத்தியெடுக்கும் அறுவை மருத்துவரைப் போலத் தம் உணர்ச்சிகளை, இரக்கத்தைக்கூட, ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது ஒன்று. அவர் மனம் தொலைபேசியின் கேட்குங்கருவியைப் போல நோயாளியின் உள்மனத்து அலைகளை ஏற்று ஒலியாக்கவேண்டும் என்பது மற்றொன்று. முதல் உவமை உணர்ச்சியைப் பூட்டச் சொல்கிறது. இரண்டாவது, மனத்தைத் திறந்துவைக்கச் சொல்கிறது. அடுத்த நாற்பது ஆண்டுகள் பெரும்பாலோர் முதல் உவமையையே பற்றி நின்றனர். உணர்ச்சி எழுந்தால் அது மருத்துவரின் குறை என்று கருதி மறைத்தனர்.

தடை தடயமாயிற்று

அக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியிலிருந்து 1933இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த பாலா ஹைமன், 1949இல் சூரிச் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். அது அடுத்த ஆண்டு அச்சாயிற்று. நோயாளியிடம் மருத்துவருக்கு எழும் உணர்ச்சி மருத்துவத்திற்குத் தடையன்று, அதன் மிகச் சிறந்த கருவிகளுள் ஒன்று என்று அவர் கூறினார்.

அவர் காட்டிய சான்று நினைவில் நிற்கத்தக்கது. மருத்துவம் தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், நாற்பதுகளில் இருந்த ஒருவர், அண்மையில் சந்தித்த ஒரு பெண்ணை மணக்கப்போவதாகக் கூறினார். அப்பெண் துன்பங்கள் பல பட்டவர் என்றும் சொன்னார். இதைக் கேட்டபோது ஹைமனின் உள்ளத்தில் கவலையும் திகிலும் மிகுந்தன. மருத்துவத்தின் தொடக்கத்தில் நோயாளிகள் இப்படி அவசர முடிவு செய்வது புதிதன்று. பின் ஏன் இவ்வளவு கவலை? காரணம் அவருக்கே விளங்கவில்லை. அவர் அதைக் கொட்டிவிடாமல் வைத்துக் காத்தார். பின்னர் அந்நோயாளி ஒரு கனவைக் கூறினார். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல கார் ஒன்று பழுதுபட்டிருந்ததாம். அதைத் தாம் செப்பனிட விரும்பினாராம். வேறொருவர் எச்சரித்துத் தடுத்தாராம். வேலை நடக்கவேண்டுமானால் அவரைக் குழப்பிவிட வேண்டியிருந்ததாம்! பழுதுபட்டதைத் தேடிப் போகும் வேகமும், எச்சரிப்பவரைக் குழப்பும் முயற்சியும் அவர் உள்ளத்தில் இருந்தன. நோயாளி சொல்லுமுன்னே, ஏன் அவரே அறியுமுன்னே, மருத்துவரின் கவலை அதனை முகர்ந்துவிட்டது.

‘எச்சரிக்கிறேன், இத்திருமணம் வேண்டாம்’ என்று அன்றே ஹைமன் கூவியிருந்தால், அந்த அறிவு முழுவதும் வீணாகியிருக்கும். உணர்ச்சியைச் செயலாக்காமல் செய்தியாக்கியதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

அதே காலத்தில், போலந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறிய ஹைன்ரிக் ராக்கர் எதிருணர்ச்சியை இருவகையாகப் பிரித்தார். நோயாளி உணர்வதையே மருத்துவரும் உணர்வது ஒருவகை. நோயாளியின் வாழ்வில் வரும் மற்றவர் உணர்ந்ததை மருத்துவர் உணர்வது மறுவகை. இதை விளக்க, நம் வாழ்விலிருந்து கற்பனையாக இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

திருநெல்வேலியில் தாயை நோய்ப்படுக்கையில் விட்டுவிட்டு டில்லிக்குத் திரும்பிய ஒரு பெண், அதைப் புன்னகையோடு சொல்கிறாள் என்று கொள்வோம். ‘என்ன செய்வது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டதே’ என்று சிரிக்கிறாள். கேட்பவருக்கோ தொண்டை அடைக்கிறது. அவள் அழாத அழுகை அவரிடம் வந்து நிற்கிறது. இது முதல்வகை.

இனி, மகன் தம்மோடு பேசுவதில்லை என்று குறைகூற வந்த ஒரு தந்தை. அவர் பேசப் பேச, கேட்பவருக்குத் தாம் பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் நிற்கும் சிறு பையனாகிவிட்டது போன்ற கூச்சம் வருகிறது. வாயைத் திறந்தாலே பிழையாகும் என்று தோன்றுகிறது. வீட்டில் அந்த மகன் ஏன் வாய்திறப்பதில்லை என்பதற்கு அங்கே ஒரு குறிப்பு கிடைத்துவிட்டது. இது இரண்டாம்வகை.

வெறுப்பை ஒப்புக்கொண்டவர்

இரக்கமும் அச்சமும் வருவதை ஒப்புக்கொள்ளலாம். வெறுப்பு வந்தால்? குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாளரான டொனால்டு வின்னிகாட், 1947இல் லண்டனில் இதைப் பற்றியே பேசினார். போர்க்காலத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவரும் அவர் மனைவியும் தம் வீட்டில் மூன்று மாதம் வைத்திருந்தனர். ஓடிப்போவதும் பொருள்களை உடைப்பதும் அவன் வழக்கம். அவன் எல்லை மீறும்போது வின்னிகாட் அவனை அடிக்கவில்லை. வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்துவார். ‘நீ செய்தது என்னை உன்னை வெறுக்கச் செய்தது’ என்று அப்போதே சொல்லிவிடுவார். வெளியே ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அப்படிச் சொல்லியிராவிட்டால் பொறுமையிழக்காமல் அவனோடு தொடர்ந்து வாழ்ந்திருக்க முடியாது என்று அவர் எழுதினார்.

தாய்க்கும் தன் குழந்தையிடம் வெறுப்பு வரும் வேளைகள் உண்டு என்று அவர் காரணங்களை அடுக்கினார். தாலாட்டிலும் அதன் சாயலைக் கண்டார். நம் நாட்டுத் தாலாட்டுகளிலும் பிறந்த வீட்டு ஏக்கமும் புகுந்த வீட்டுக் குறையும் கலந்து வருவதை நம் பெண்மணிகள் அறிவர். உணர்ச்சி இருப்பது பாவமன்று. அது பெயரில்லாமல் உள்ளே கிடந்து திடீரென்று கையோங்குவதே தீங்கு.

கல்கத்தாவும் டில்லியும்

இக்கலை மேல்நாட்டோடு நின்றுவிடவில்லை. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922ஆம் ஆண்டிலேயே இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடத்திய அவர், ஒருமுறைகூட அவரை நேரில் கண்டதில்லை. ஒவ்வொரு விருப்பத்திற்கும் நேர்மாறான விருப்பமொன்று உள்ளே மறைந்திருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடித்தவன் இடத்திலும் அடிபட்டவன் இடத்திலும் நோயாளியை மாறி மாறி நிறுத்திப் பார்க்கும் முறை அதிலிருந்து வந்தது.

டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய ஜஸ்வந்த் சிங் நேகி, பஞ்சாபிக் கவிஞருமாவார். 1973இல் எழுதிய கட்டுரையில், குரு-சீடர் உறவை மனமருத்துவத்திற்கு ஒரு முன்மாதிரியாக ஆராய்ந்தார். நம் நாட்டு நோயாளி மருத்துவரைச் சார்ந்து நிற்க விரும்புவதை மேல்நாட்டு அளவுகோலால் அளந்து, குறை என்று தள்ளிவிடக் கூடாது என்பது அவர் நோக்கு.

பிராங்க்பர்ட்டில் பயிற்சி பெற்று 1975இல் டில்லியில் தொழில் தொடங்கிய சுதிர் காக்கர் (1938–2024) இச்சிக்கலைத் தம் உள்ளத்திலேயே கண்டவர். பழைய டில்லியில் மளிகைக் கடை வைத்திருந்த ஐம்பது வயது கடந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தந்தையின் முன்னிலையில் அம்மனிதருக்கு அச்சம் மிகும். நெஞ்சு அமிழ்ந்துபோகிறது என்பார். அவர் மருத்துவரிடம் எதிர்பார்த்தது ஒரு குருவை: பேசுபவரை, வழிகாட்டுபவரை, பரிவைக் காட்டுபவரை. காக்கர் கற்றுவந்ததோ அளந்து பேசும் நடுநிலை. குருவாகிவிட வேண்டும் என்ற இழுப்பு ஒருபுறம். கூடாதென்ற பயிற்சி மறுபுறம். இதிலிருந்து அவர் கண்ட பாடம் பெரிது. வேற்றுப் பண்பாட்டு நோயாளியைக் கேட்பவர் அவருடைய பழக்கவழக்கங்களை யெல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டுவதில்லை. தம் பண்பாடு தமக்கு ஊட்டிய முடிவுகளைத் தாமே கேள்வி கேட்கவேண்டும்.

இது நமக்கு நெருக்கமான செய்தி. நாள்தோறும் மூன்றுமுறை தாயிடம் தொலைபேசியில் பேசும் தமிழ் இளைஞனைக் கண்டு ஓர் ஆலோசகருக்கு எரிச்சல் வரலாம். அவ்வெரிச்சல் அந்த இளைஞனின் மனைவி படும் எரிச்சலின் நிழலாக இருக்கலாம். அல்லது ஆலோசகர் வளர்ந்த முறையின் விளைவாக மட்டும் இருக்கலாம். யாருடைய துடிப்பு என்று பிரித்தறிந்தபிறகே அவர் பேசவேண்டும்.

அறையில் நடப்பது என்ன?

பயிற்சி பெற்றவர் முதலில் தம் உடலைக் கவனிக்கிறார். கொட்டாவி வருகிறதா, தோள் இறுகுகிறதா, கண் கடிகாரத்தை நாடுகிறதா, இவருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கத் தோன்றுகிறதா, கடிந்துகொள்ள நா துடிக்கிறதா என்று பார்க்கிறார். வழக்கத்திற்கு மாறான எதுவும் ஒரு குறிப்பு.

அடுத்து, ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். இதுவே கடினமான பகுதி.

பிறகு, ‘இது என்னுடையதா? நேற்றிரவு நான் உறங்கவில்லையா? இவர் என் தமையனை நினைவூட்டுகிறாரா?’ என்று தம்மை வினவுகிறார். தம் கணக்கைக் கழித்தபின் மிஞ்சுவது நோயாளியைப் பற்றிய ஊகம். அது ஊகமே, தீர்ப்பன்று. அடுத்தடுத்த சந்திப்புகளில் நோயாளியின் சொற்கள் அதனை உறுதிசெய்தால் மெல்ல ஒரு கேள்வியாக்குவார். ‘நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள், எனக்கோ மிகவும் துயரமான செய்தியாகப் படுகிறது’ என்பார். உறுதிசெய்யாவிட்டால் கைவிடுவார். ‘எனக்குத் தோன்றிவிட்டது, ஆகவே நீ அப்படித்தான்’ என்பவர் குறிசொல்லலாம், மருத்துவம் செய்யலாகாது.

இதற்காகவே, பலர் பயிற்சிக் காலத்தில் தாமே நோயாளியின் நாற்காலியில் அமர்ந்து தம் மனத்தை ஆராய்கின்றனர். மூத்தவர் ஒருவரிடம் தம் சந்திப்புகளை எடுத்துரைத்து அறிவுரை பெறுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெப்ரி ஹேஸ், சார்லஸ் கெல்சோ முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011லும் 2018லும் முடிவுகளை வெளியிட்டனர். எதிருணர்ச்சியை நன்கு ஆளும் மருத்துவரிடம் நோயாளிகள் மேலான பயன் பெறுகின்றனர் என்பதே அவற்றின் சாரம்.

நம் முன்னோர் கண்ட வழி

தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வைத்தார். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் உட்பட மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தது. அதற்கு உரை கண்ட பேராசிரியர் உணர்ச்சி நடக்கும் வழியைப் படிப்படியாகக் காட்டுகிறார். வெளியே ஒரு பொருள். அதனை நுகரும் பொறி. மனத்தில் எழும் குறிப்பு. முடிவில் கண்ணீராகவும் மயிர்சிலிர்ப்பாகவும் உடலில் தோன்றும் வெளிப்பாடு. மனநல மருத்துவர் இதே வழியில் திரும்பி நடக்கிறார். தம் உடலில் தோன்றியதைக் கண்டு, தம் மனத்துக் குறிப்பைத் தேடி, அதற்குக் காரணமாகிய எதிரிலிருப்பவரின் உள்ளத்தை அடைகிறார்.

நாம் கருதவேண்டியவை

இவற்றை அறிந்த நாம் மருத்துவரை நாடும்போது சிலவற்றை மனத்திற் கொள்ளலாம். அவர் முகத்தில் சலிப்புத் தோன்றியதாக நினைத்தால், ‘நான் சொல்வது உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதோ?’ என்று நேரே கேட்கலாம். நல்லவர் சினவார், அக்கேள்வியையே ஆராய்வார். மாறாக, தம் சொந்தத் துயரங்களைச் சொல்லியே நேரத்தைப் போக்குபவர், கடன் கேட்பவர், தனி நெருக்கத்தை நாடுபவர் எவராயினும், அவரிடமிருந்து விலகிவிடுவதே அறிவுடைமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பாட்டி தமிழில் அழ, பேரன் இந்தியில் மொழிபெயர்த்தால், மருத்துவர் செவிக்கு வருவது பேரனின் கூச்சம் வடிகட்டிய துயரம். பேரனுக்கும் அது தாங்கவொண்ணாச் சுமை. இயன்றவரை தமிழறிந்தவரையே தேடவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நேரில் செல்ல விரும்புவோர்க்குத் தில்ஷாத் கார்டனில் உள்ள இபாஸ் என்னும் அரசு நிலையம் இருக்கிறது.

நம் ஊரில் திண்ணை இருந்தது. கேட்பதற்கு அத்தையும் சித்தப்பாவும் இருந்தனர். நாலாம் மாடிக் குடியிருப்பில் அவர்கள் இல்லை. துயரத்தைச் சொல்லாமல் சுமப்பது வீரம் என்று எண்ணி நம்மவர் சிலர் நலிந்துபோகின்றனர். ‘அவர் என்ன நினைப்பாரோ’ என்ற அச்சம் ஒன்றே தடையென்றால், தம் நினைவைத் தாமே சோதிக்கக் கற்றவரிடம்தான் நாம் செல்கிறோம் என்ற தெளிவோடு படியேறுவோமாக.